வில்லாளன் விரலும் மணிக்கட்டு வாரும்

வில்லியனூர் என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தே, ‘வில்லாளர் வாழ்ந்த ஊர் போலும்’ என்று எண்ணுவார் பலர். யாமும் சிறு பருவத்தில் அங்ஙனமே எண்ணி மகிழ்ந்ததுண்டு. ஆயின் அப்பெயர் வில்லால் வந்ததன்று, வில்வத்தால் வந்தது. வில்வநல்லூர் என்பதே நாளடைவில் வில்லியனூர் எனத் திரிந்தது என்பர் அவ்வூர்ப் பெரியோர். திருக்காமீசுவரர் கோயில் தேரும், லூர்து மாதா கோயில் திருவிழாவும் அவ்வூர்க்குப் புகழ் தந்தனவேயன்றி அம்பும் வில்லும் தந்தனவல்ல. அதற்குத் தெற்கே உள்ள பாகூரோ, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகளால் ஒரு வித்தியாத்தானம் இருந்த ஊரென அறியப்பட்டது; ஆண்டுக் கற்பிக்கப்பட்டவற்றுள் வில்வித்தை இருந்ததென்று எவரும் கூறக் கேட்டிலோம். ஆதலின் இக்கட்டுரைக்கு ஊர்ப் பழம்பெருமை ஒன்றும் துணை நில்லாது. எம் சிற்றப்பனார் மகன் ஒருவனுக்கு நேர்ந்த இடுக்கணே இதனை எழுதத் தூண்டியது.

அவன் பாகூர்க் கொம்யூனைச் சார்ந்த ஒரு சிற்றூரினன். பள்ளியிறுதி வகுப்பிற் பயில்பவன். ஏரிப் பாசனத்து நிலத்தில் நெல் அறுத்தபின் கிடக்கும் தாள்வயலில், வைக்கோற் கட்டுகளை அடுக்கி, அவற்றின்மேற் காகித இலக்கை ஒட்டி, மூங்கில் வில்லால் எய்து பழகி வந்தான். இரண்டாண்டுகளில் அவன் கை நன்கு படிந்தது. நாணை இழுத்து இழுத்து விரல்நுனி காய்த்துப்போயிற்று. அந்நிலையில் கடைக்காரர் ஒருவர், ‘இதனைக் கட்டிக்கொண்டால் விரலும் நோவாது, அம்பும் பிழையாது’ என்று கூறி ஒரு மணிக்கட்டு வாரை அவனுக்கு விற்றார். சிற்றப்பனார் அறுவடைப் பணத்தில் ஒரு பகுதியை அதற்கென்றே எடுத்துக் கொடுத்தார். மூன்று திங்கள் அதனைக் கட்டியே பழகினான். பின்னர்ப் போட்டிக் களத்தில் தன் முறை வந்து கோட்டின்மேல் நின்றபோது நடுவர் அருகே வந்து, “தம்பி, அதைக் கழற்றிவிடு, இந்தப் பிரிவில் விரலால்தான் இழுக்கவேண்டும்” என்று அமைதியாகவே கூறினார். கழற்றினான். அன்றைக்கு அவன் எய்த அம்புகளுள் பாதிக்குமேல் வெளி வளையங்களையே தைத்தன. அவ்வாண்டுத் தேர்விற்கு அவன் பெயர் வரவில்லை. வீடு திரும்பியவன் எம்மை நோக்கி, “அண்ணா, இது கெட்ட சாமானா, நான் கெட்டவனா?” என்று வினவினான்.

இரண்டும் அன்று என்பதே எம் விடை. அக்கருவி நல்லதே, ஆயினும் எவ்வில்லுக்கு, எவர்க்கு, எப்பொழுது என்னும் மூன்றையும் அறியாது அதனைப் பூண்டதே பிழை. அவற்றைச் சிறிது விரித்துக் கூறுவாம். இலக்கணம் பயிலும் எமக்கு வில்லைப் பற்றி என்ன தெரியும் என்று நகைக்கும் நண்பர்கள், அவனோடு தாள்வயலில் நின்று அம்பு பொறுக்கிய நாள்கள் எமக்குப் பல உண்டென்பதை அறிவாராக.

முதலில் விரலைப் பற்றி. வில்லாளன் விரலுக்குக் காப்பு வேண்டுமென்பது இன்று நேற்று எழுந்த எண்ணமன்று. கோதை என்னும் சொல்லுக்கு மாலை என்று பொருள் கூறி அப்பாற் செல்கின்றோம். வில்லாளர் கையிற் கட்டும் தோற்காப்பிற்கும் அதுவே பெயர். புட்டில் என்பது கூடையையும் அம்புறையையும் குறிப்பதோடு, விரலைக் காக்கும் உறையையும் குறிக்கும். அதனை விரற்புட்டில் என விதந்தும் கூறுவர். கொல்லிமலைக்கு உரிய வல்வில் ஓரி ஒரே கணையால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் வீழ்த்தியதாக வன்பரணர் பாடிய செய்தி புறநானூற்றில் உள்ளது. அத்தகைய வில்லின் நாணைத் தோலின் துணையின்றி வெறுவிரலால் நாடோறும் இழுத்திருத்தல் அரிது. இக்காலத்துப் போட்டிகளில் விரலால் எய்வோர் அணியும் சிறு தோல் துண்டை ‘டேப்’ என வழங்குகின்றனர்; நம் புட்டிலின் தம்பி என்றே அதனைக் கொள்ளலாம்.

கீழ்நாட்டார் பலர் மூன்று விரலால் இழுத்தலை விடுத்துப் பெருவிரலால் நாணைப் பற்றினர். துருக்கியரும் மங்கோலியரும் சீனரும் பெருவிரலில் ஒரு வளையம் இட்டு, அவ்வளையத்தின் விளிம்பிலே நாணைத் தங்கச் செய்து இழுத்தனர். முகலாய மன்னர்கள் பச்சைக்கல்லில் அத்தகைய வளையங்களைச் செய்வித்து அணிந்தனர். அவற்றுட் சில இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிச் சாலையில் இன்றும் உள்ளன. ஏகலைவன் துரோணர்க்குப் பெருவிரலை ஏன் அளித்தான், சிறுவிரலை ஏன் கேட்டிலர் என்பதும் இதனால் ஒருவாறு விளங்கும். நிற்க. வளையத்தின் விளிம்பு விரலின் தசையைவிட வழவழப்பானது, குறுகியது. ஆதலின் நாண் அதனின்று விரைவிலும் நேராகவும் நழுவும். நாணுக்கும் கைக்கும் இடையே ஒரு கடினப் பொருளை வைத்து விடுதலைச் செம்மையாக்கலாம் என்னும் அக்கருத்தே, பல நூற்றாண்டு கடந்து, யாம் கூறவந்த மணிக்கட்டு வாராய் உருப்பெற்றது.

அதன் அமைப்பு எளிது. தோலாலாவது நைலானாலாவது ஆகிய ஒரு வார், மணிக்கட்டைச் சுற்றிக் கொளுவியாலோ ஒட்டுப்பட்டையாலோ இறுக்கப்படும். அதினின்று உள்ளங்கை வழியே ஒரு சிறு தண்டு, அல்லது மடிந்து கொடுக்கும் நாடா, முன்னோக்கிச் செல்லும். தண்டின் தலையில் குறடு போன்ற இரண்டு அலகுகளேனும் ஒற்றைக் கொக்கியேனும் இருக்கும். அதன் பின்னே துப்பாக்கி விசை போன்றதொரு விசை. நாணில் அம்பு பொருந்துமிடத்தில், ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவிலே, சிறு கயிற்றுக் கண்ணியொன்று கட்டப்பட்டிருக்கும். திடலில் இதனை ‘டி-லூப்’ என்பர். அலகுகள் அக்கண்ணியைக் கவ்வும். வில்லாளன் கையால் இழுப்பதுபோலத் தோன்றினும், உண்மையில் இழுவை முழுவதும் மணிக்கட்டின் எலும்பின்மேல் தங்குகின்றது. விரல்கள் தளர்ந்து கிடக்கின்றன. சுட்டுவிரல் விசையை அழுத்த, அலகு திறக்க, கண்ணி நழுவ, அம்பு புறப்படும். ‘ரிலீஸ்’ என்னும் பெயரே திடலில் வழங்குவது. யாம் விடுகருவி என்போம்.

இக்கருவி எவ்வில்லுக்கு உரியது? காம்பவுண்டு வில்லுக்கு என்பதே நேர்விடை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தினரான ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பார், வில்லின் இரு முனையிலும் உருளைகளைப் பொருத்தி, நாணையும் வடங்களையும் அவற்றின்மேல் ஓட்டி, 1966 இல் உரிமைக்கு விண்ணப்பித்து 1969 இல் பெற்றார். அவ்வுருளைகள் நடுவில் அச்சமைந்தனவல்ல. ஆதலின் நாணை இழுக்கத் தொடங்கும்போது பளு ஏறி உச்சத்தை அடையும். அதனைக் கடந்தபின் திடீரெனக் குறையும். ஐம்பது இராத்தல் பளுவுள்ள வில்லில் நூற்றுக்கு எண்பது பங்கு குறையுமாயின், முழுதும் இழுத்து நிற்கையில் கையில் தங்குவது பத்து இராத்தலே. கிணற்றிலிருந்து இறைத்த நீர்க்குடத்தைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்துச் சற்றே தாங்கிக்கொண்டு நிற்பதை ஒக்கும் அது. மூங்கில் வில்லிலோ, நாணை இழுக்க இழுக்கப் பளு ஏறிக்கொண்டே போகும். முழு இழுப்பிலேதான் முழுப் பளு.

இவ்வேறுபாட்டோடு இன்னொன்றும் உண்டு. அதுவே விடுகருவியைக் காம்பவுண்டு வில்லுக்கு ஏறத்தாழ இன்றியமையாததாக்குகின்றது. ஒலிம்பிக்கில் வழங்கும் ரிகர்வு வில் நிற்கும் ஓர் ஆள் உயரத்திற்குச் சற்றே குறைந்தது. அறுபத்தாறு முதல் எழுபது அங்குலம் வரை நீளும். இக்காலத்துக் காம்பவுண்டு வில்லில் ஓர் உருளையின் அச்சிலிருந்து மற்றதன் அச்சு வரை முப்பது முதல் நாற்பது அங்குலமே. குறுகிய வில்லை முழுதும் இழுக்க, நாண் கூரிய கோணமாய் மடியும். அக்கோணத்துள் மூன்று விரல்களை நுழைத்தால் அவை ஒன்றோடொன்று நெருக்குண்டு, அம்பின் வாலையும் கவ்வி நெரிக்கும். ஒரு கண்ணியை மட்டும் கவ்வும் அலகுக்கு அத்துன்பம் இல்லை. மேலும், கையிற் பத்து இராத்தலே தங்குவதால், விரல்கள் நாணை விடும்போது அது தயங்கித் தயங்கி நழுவும். பளு மிகுந்த நாண் தானே விரலைத் தள்ளிக்கொண்டு ஓடும், பளு குறைந்ததோ விரலின் சிறு நடுக்கத்திற்கும் வளைந்து கொடுக்கும். ஆகவே குறுகிய வில்லும் குறைந்த பளுவும் சேர்ந்த இடத்திலே விடுகருவி வேண்டப்படுகின்றது.

மூங்கில் வில்லில் இவ்விரண்டும் இல. அதன் நாண் அகன்ற கோணத்திலே நிற்கும். அதன் பளு விரலைத் தானே தள்ளும். எனவே வார் அதற்கு வேண்டுவதன்று. வேண்டாததோடு அமையாது, தீங்கும் செய்யும். அதனை எம் தம்பியின் அம்புகள் எமக்குக் காட்டின. விரலால் விடும்போது நாண் நேரே முன்னோக்கி ஓடுவதில்லை. விரலின் தசையைச் சுற்றி ஒரு பக்கமாய் ஒதுங்கியே ஓடத் தொடங்கும். அதனால் அம்பின் தண்டு மீன் நெளிவதுபோல இடமும் வலமுமாய் வளைந்து, வில்லின் மேனியைச் சுற்றிக்கொண்டு சென்று, பின்னரே நேர்படும். அம்பின் விறைப்பு அவ்வளைவுக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுக்கப்படும். விடுகருவியோ நாணை ஏறக்குறைய நேரே ஓடவிடும்; அதனால் எழும் வளைவு பெரும்பாலும் மேலுங்கீழுமானது. காம்பவுண்டு வில்லின் நடுப்பகுதி அம்பு நட்டநடுவே செல்லுமாறு குடையப்பட்டிருப்பதால் அதற்கு இஃது இயைந்தது. நடுக்குடைவில்லாத மூங்கில் வில்லில், பக்க வளைவு குறைந்த அம்பு வில்லின் மேனியை ஒட்டி, வலக்கையால் இழுப்பவனுக்கு இடப்புறமாய் ஒதுங்கிச் செல்லும்.

தம்பியின் அம்புகள் வார் கட்டிய முதல் நாளிலேயே இடப்புறம் சென்று குவிந்தன. குவிந்தமை கண்டு அவன் மகிழ்ந்தான். இடப்புறம் சென்றமை கண்டு, இலக்கின் வலப்புறம் குறிவைக்கப் பழகினான். மூன்று திங்களில் அப்பழக்கம் கண்ணில் ஊறிவிட்டது. நடுவர் வாரைக் கழற்றச் சொன்னபோது, கருவி நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை. விரலால் விட்ட அம்பு நேரே செல்ல, கண்ணோ வலப்புறம் நோக்க, அம்புகள் வலப்புறத்து வெளி வளையங்களைத் தைத்ததில் வியப்பென்னை? காய்ப்பு நீங்கி மெலிந்திருந்த விரல்நுனியும் அன்று கொப்புளித்தது. போதாக்குறைக்கு, கண்ணியின்றி நாணையே நேரே கவ்விய உலோக அலகுகள், நாணின் நடுச் சுற்றுநூலைத் தேய்த்திருந்தன.

விதியைப் பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. நம் நாட்டுப் போட்டிகளில் மூன்று பிரிவுகள் உள. மூங்கில் வில்லுக்கு உரிய இந்தியச் சுற்று, ரிகர்வு ஆகிய இரண்டிலும் விரலே கருவி. தோல் காப்பு மட்டும் அணியலாம். காம்பவுண்டுப் பிரிவில் விடுகருவிக்கு இடமுண்டு. ஆயினும் அது வில்லோடு பிணைக்கப்பட்டதாய் இருத்தல் கூடாது, மின்சாரத்தால் இயங்குவதாயும் இருத்தல் கூடாது. கடைக்காரர் இதனை அறிந்திருந்தாரோ இல்லையோ, யாம் அறியோம். வாங்கும்முன் எவரையேனும் வினவியிருக்கலாம் என்று சிற்றப்பனார் ஒருமுறை கூறினார். அதன்பின் அப்பேச்சை எடுத்ததில்லை.

காம்பவுண்டுப் பிரிவு சிறியதென்று எவரும் எண்ணற்க. 1972 இல் மியூனிக்கில் வில்வித்தை ஒலிம்பிக்கிற்கு மீண்டபின் நெடுங்காலம் ரிகர்வு வில்லுக்கே ஆண்டு இடமிருந்தது. 2028 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காம்பவுண்டுக் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக நுழைகின்றது. நம்மவர் இப்பிரிவில் முன்னரே பேர்பெற்றுவிட்டனர். 2023 இல் பெர்லின் உலகப் போட்டியில் மராட்டியத்தைச் சேர்ந்த அதிதி சுவாமி தம் பதினேழாம் வயதில் மகளிர் தனிப்பிரிவிலும், ஓஜஸ் தேவ்தளே ஆடவர் தனிப்பிரிவிலும் முதலிடம் பெற்றனர். அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் காம்பவுண்டுக்குரிய ஐந்து பொற்பதக்கங்களும் இந்தியாவுக்கே வந்தன. விஜயவாடாவைச் சேர்ந்த ஜோதி சுரேகா அவற்றுள் மூன்றில் பங்குகொண்டார். தம்பியின் வீட்டுச் சுவரில் இச்செய்தி வந்த தாள் ஒட்டியிருக்கக் கண்டோம். ஆசையின் வேர் அதுதான் போலும்.

காம்பவுண்டு வில்லைக் கையிற் கொண்டபின்னும், மணிக்கட்டு வாரையே கொள்ளவேண்டுமா என்பது அடுத்த வினா. விடுகருவிகளுட் கையிற் பிடிப்பனவும் உள: பெருவிரலால் விசையை அழுத்துவது ஒருவகை, விசையே இன்றி, கையைச் சிறிது திருப்பத் தானே திறப்பது மற்றொரு வகை, இழுவை ஓரளவைக் கடந்தவுடன் திறப்பது பிறிதொன்று. உலக அரங்கில் வெல்வோர் கையில் மிகுதியும் காணப்படுவன இக்கைப்பிடி வகைகளே. பின் மணிக்கட்டு வார் எங்கே சிறக்கின்றது? மேல்நாட்டு நூல்களைப் புரட்டினால் முதலில் வேட்டையைத்தான் கூறுவர். மரக்கிளைமேல் விடியுமுன் ஏறி அமர்ந்திருக்கும் வேட்டுவனுக்கு, கருவி கையினின்று கீழே விழாது மணிக்கட்டிலேயே தொங்குதல் பெரும்பேறு; விலங்கைக் கண்டவுடன் கண்ணியிற் கொளுவி இழுத்தல் விரைவில் முடியும். நமக்கு அக்காரணம் பொருந்தாது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் வேட்டையைத் தடுத்துவிட்டது. பாகூர் ஏரிக்கு வரும் நாரைகளும் அதனால் ஓரளவு அச்சமின்றி இரை தேர்கின்றன. ஆகவே மேல்நாட்டார் அதனைப் புகழும் புகழ்ச்சியில் ஒரு பாதியை நாம் கழித்துவிட்டே கருதவேண்டும்.

எஞ்சிய பாதி தொடக்கநிலை மாணாக்கர்க்கு உரியது. கையைத் திருப்பத் திறக்கும் வகையைப் புதியவனிடம் கொடுத்தால், அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அது திறந்துவிடக்கூடும். இழுத்த கை முகத்தில் வந்து மோதும், அம்பு எங்கேயோ பாயும். மணிக்கட்டு வாரில் விரலை விசையின் பின்னே மறைத்து வைத்து இழுத்தால், விரல் முன்வரும்வரை அது திறவாது. பளுவும் மணிக்கட்டிலே தங்குவதால், விரல்வலி குன்றிய சிறுவரும் முதியவரும் இறுக்கிப் பிடிக்கவேண்டுவதில்லை. எனவே காம்பவுண்டு வில் பயில்வோன் முதலில் மணிக்கட்டு வாரிலே தொடங்குதல் தக்கது என்பது எம் கருத்து. அதிலேயே நின்றுவிடுதல் தக்கதா என்பது வேறு.

உடற்குறை உடையார்க்கு இக்கருவி செய்யும் உதவியை ஈண்டுக் கூறாதுவிடின் குற்றமாம். ஜம்மு காசுமீரத்துக் கிசுத்துவார் மாவட்டத்தினரான சீத்தல் தேவி கைகளின்றியே பிறந்தவர். அமர்ந்தவாறே வலக்காலால் வில்லைத் தாங்கி, காலை நீட்டுவதனாலேயே நாணை இழுபடச் செய்கின்றார். மணிக்கட்டு இல்லாதவர்க்கு மணிக்கட்டு வார் ஏது? விடுகருவியைத் தோளிற் கட்டிய வாரிலே பொருத்தி, வாயால் அதன் விசையை இயக்குகின்றார். 2024 பாரிசு மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் இராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வென்றார். 2025 இல் குவாங்சூ நகரில் உலக முதன்மையும் பெற்றார். அமெரிக்கரான மாட் சுட்சுமன் என்பாரும் கைகளின்றி எய்பவரே. பாரிசில் பொற்பதக்கம் அவர்க்கு உரித்தாயிற்று. சோம்பலுக்குத் துணை என்று விடுகருவியைப் பழிப்போர் திடலில் உண்டு. அவர்கள் இவ்விருவரையும் ஒருமுறை நினைப்பது நன்று.

இனி, இக்கருவியைக் கழற்றி வைக்கவேண்டிய காலம் ஒன்று உண்டு. அது விரலில் தோன்றாது, மனத்தில் தோன்றும். குறிப்புள்ளி இலக்கின் நடுவே மிதந்து மிதந்து நிற்கும். எந்தக் கையும் அசையாது நிற்பதில்லை. மிதக்கும் புள்ளி நடுவைத் தொடும் கணத்திலே, ‘இதோ, இப்போது’ என்று மனம் கூவ, சுட்டுவிரல் விசையைக் குத்தும். குத்தினவுடன் தோளும் கையும் துள்ளும், அம்பு விலகும். சில நாள் இவ்வாறு நிகழ்ந்தால், பின்னர்க் குறி நடுவுக்கு வருமுன்பே விரல் குத்தத் தொடங்கும். சிலர்க்கோ குறி நடுவுக்கு வரவே மறுத்து, ஓர் ஓரத்திலே உறைந்து நின்றுவிடும். வில்லாளர் இதனை ஒரு நோய் போலவே அஞ்சுகின்றனர். துப்பாக்கி விசை போன்ற விசையும், நுண்வேலைக்கெல்லாம் முந்தும் சுட்டுவிரலும் கூடிய மணிக்கட்டு வார் இந்நோய்க்கு மிகவும் இடங்கொடுப்பது.

வருமுன் காக்கும் வழி, விசையை விரல்நுனியால் தட்டாமையே. சுட்டுவிரலின் முதற்கணுவுக்கும் இரண்டாங்கணுவுக்கும் இடைப்பட்ட மடிப்பை விசையின்மேற் கொக்கி போல மாட்டி, விரலை அசையாது வைத்து, முதுகின் தசையால் முழங்கையைப் பின்னுக்கு ஈர்த்துக்கொண்டே இருந்தால், விசை தானே அழுந்தும். எப்பொழுது திறக்கும் என்பது எய்பவனுக்கே துணியப்படாது. அத்துணிவின்மைதான் நன்மை. இதனைக் கற்க வில்லும் வேண்டா. தன் இழுப்பின் நீளத்திற்கு ஒரு கயிற்றை வளையமாகக் கட்டி, ஒரு முனையை இடக்கையிலும் மறுமுனையை விடுகருவியின் அலகிலும் கொண்டு, முதுகால் ஈர்த்து ஈர்த்துப் பழகலாம். அடுத்து, இலக்குத் தாளை அகற்றிவிட்டு, வெறும் வைக்கோற் கட்டின்முன் நாலைந்து முழத்தில் நின்று, ஆசிரியர் அருகிருக்கக் கண்ணை மூடி எய்து பழகலாம். இவ்வளவு செய்தும் விரல் குத்துவது நீங்காதாயின், வாரைப் பெட்டியில் வைத்துவிட்டு, கையைத் திருப்பத் திறக்கும் வகையைத் தேர்ந்த ஆசிரியர் முன்னிலையிற் சில திங்கள் கையாளுதல் வேண்டும்.

அளவும் சிறு பொருளன்று. தண்டு நீண்டிருந்தால் விசை விரல்நுனிக்கு மட்டுமே எட்டும். நுனி எட்டும் விசையைக் குத்தத்தான் தோன்றும். வார் இன்றைக்கு இறுகியும் நாளைக்குத் தளர்ந்தும் இருந்தால், கை கன்னத்தில் தங்கும் இடம் நாள்தோறும் மாறும். நாணிற் செருகிய சிறு வளையத்தின் வழியாகக் கண் நோக்குவதால், கை ஒரு விரற்கிடை மாறினும் நோக்கு மாறும். அம்பு ஐம்பது மீட்டரில் அதனைப் பெருக்கிக் காட்டும். ஒட்டுப்பட்டையைவிடத் துளையிட்ட கொளுவி இதற்கு நலம். ‘மூன்றாந் துளை’ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் முன்னரே சுளுக்கோ முறிவோ உற்றார்க்கு இவ்வார் ஆகாது; பளு முழுவதும் அங்கேதான் தங்குகின்றது. அம்பு ஏற்றாத வில்லை இழுத்து விடுதல் எக்காலத்தும் கூடாது. அலகு தவறித் திறந்தாலும் வில்லின் உறுப்புகள் சிதறக்கூடும். ஆகவே கொளுவுமுன் அலகு பூட்டியதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தல் வேண்டும்.

நம் ஊர்க் காற்றையும் மழையையும் எந்நூலும் கூறாது. பாகூர் கடலுக்கு அணித்தாதலின் உப்புக்காற்று எஃகு அலகுகளை விரைவில் துருவேற்றும். எண்ணெய்த் துணியால் துடைத்தல் நாடோறும் செய்யத்தக்கது. வைகாசி வெயிலில் வியர்வை ஊறிய வார் வழுக்கும். பின் உலர்ந்து விறைக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியதும், அதனை அடுத்துத் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் நீர் புகுந்ததும் எல்லாரும் அறிந்ததே. சிற்றப்பனார் வீட்டுத் திண்ணையைத் தாண்டி நீர் வந்தது. நெல் மூட்டைகளைப் பரண்மேல் ஏற்றியவர்கள், சுவர்மாடத்தில் இருந்த வாரை மறந்தனர். மூன்று நாள் சேற்றுநீரில் ஊறிய தோல், உலர்ந்தபின் ஒரு துளை நீண்டிருந்தது.

போட்டி முடிந்து ஒரு திங்கள் தம்பி வில்லைத் தொடவில்லை. பின்னர் ஆசிரியர் ஒருவர் அவனை அழைத்து, கல்லூரிக்குச் சென்றபின் காம்பவுண்டுப் பிரிவுக்கு மாறலாம் என்றும், அதுவரை மூங்கில் வில்லை விரலாலேயே எய்க என்றும் கூறினாராம். அவ்வாறே செய்கின்றான். விரல்நுனி மீண்டும் காய்த்து வருகின்றது. வாரை விற்றுவிடவா என்று அவன் கேட்டபோது சிற்றப்பனார், “வாங்கினது வாங்கினதுதான், வைத்துக்கொள்” என்றார். சென்ற விடுமுறையில் யாம் சென்றிருந்த மாலையில், தம்பி திண்ணையில் அமர்ந்து, நீண்டுபோன தோலில் ஆணியைக் காய்ச்சிப் புதிதாய் ஒரு துளை இட்டுக்கொண்டிருந்தான். இட்டு முடித்து, கிணற்றுக் கயிற்றில் மீந்த துண்டை வளையமாய் முடிந்து, அலகிற் கொளுவி, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஈர்த்தான். இருபது முறை எண்ணினோம். பதினேழில் விரல் குத்தவில்லை.